நள்ளிரவு ஆட்டம்: சென்னையில் எங்கே பார்ப்பது, என்ன கேட்பது

2026 உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம் ஜூன் 11 அன்று மெக்ஸிகோ சிட்டியில் பகல் ஒரு மணிக்குத் தொடங்குகிறது. சென்னையில் அப்போது நள்ளிரவு 12.30. ஜூலை 19 அன்று நியூஜெர்சியில் நடக்கும் இறுதி ஆட்டமும் நமக்கு நள்ளிரவு 12.30-க்குத்தான். 2022-ல் கத்தாரில் நடந்த இறுதி ஆட்டம் இங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கியது. பெனால்டி வரை போயும் நள்ளிரவுக்குள் முடிந்துவிட்டது. இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் தூக்கத்தைத் தொலைத்துத்தான் பார்க்க முடியும்.

நேரம் மாறினால் எல்லாமே மாறுகிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியோடு தடை. மெட்ரோ 11 மணியோடு நிற்கும். மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் பத்து மணிக்கு மேல் காவலர்கள் கூட்டத்தைக் கலைத்துவிடுவது வழக்கம். விசில் ஊதும் நேரத்தில் ஊர் மூடிக் கிடக்கும். அப்போது திறந்திருக்கும் சில கதவுகளை நோக்கி இளைஞர்கள் ஓடுவார்கள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் யாருக்கு என்ன பொறுப்பு, நமக்கு என்ன உரிமை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், சில சமயம் உயிரும் மிஞ்சும்.

செலவில்லாத இடம் வீடுதான். விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகளைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்வதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அதன்கீழ் அறிவிக்கப்பட்ட பட்டியலில் உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டமும் கால் இறுதி, அரை இறுதி, இறுதி ஆட்டங்களும் உள்ளன. உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் இவற்றைத் தூர்தர்ஷனுக்குத் தந்தாக வேண்டும். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அப்படிப் பெறும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி அலைவரிசையிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே தரலாம் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கேபிளிலோ கட்டண டிடிஎச்சிலோ டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டுவிட்டு ஆட்டம் வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஃப்ரீ டிஷ் வாங்க ஒருமுறை செலவு செய்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. தெருவில் ஒரு வீட்டில் இருந்தாலே பத்துப் பேர் பார்க்கலாம்.

வீட்டிலேயே பார்ப்பவர்களுக்கும் ஓர் அபாயம் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘இலவச லைவ்’ என்று இணைப்புகள் குவியும். அவற்றில் பல, ஏபிகே கோப்பு ஒன்றை இறக்கச் சொல்லும். இறக்கியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்கள் கண்ணில் படும் முன்பே திருடனின் கைக்குப் போய்விடும். கால்பந்து பார்க்க உங்கள் குறுஞ்செய்தி எந்தச் செயலிக்கும் தேவையில்லை. பணம் போய்விட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1930 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, திருடனின் கணக்கில் பணம் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள்.

இனி, காசு கொடுத்துப் பார்க்கும் இடங்கள். ஹோட்டல் பார்கள், பப்கள், உணவகங்கள், கிளப்புகள், சில நேரம் திரையரங்குகளும். ‘பெரிய திரை, டேபிள் இவ்வளவு, கவர் சார்ஜ் இவ்வளவு’ என்று விளம்பரம் வரும். முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘ஆட்டம் முடியும் வரை திறந்திருக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?’ பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசின் ஆணை இருக்கிறது. ஆனால் மதுக்கூட உரிமத்துக்குத் தனி நேரக் கட்டுப்பாடு உண்டு. 12.30-க்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, இடைவேளையில் விளக்கைப் போட்டு ‘கிளம்புங்கள்’ என்று சொல்ல ஓர் இடத்துக்கு உரிமையில்லை. அப்படிச் செய்தால் அது சேவைக் குறைபாடு.

இரண்டாவது கேள்வி ஒளிபரப்பு உரிமம் பற்றியது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 37-வது பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு ஒளிபரப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. வீட்டுச் சந்தா வீட்டுக்கு மட்டுமே. அதை வைத்து டிக்கெட் போட்டுக் கூட்டம் சேர்த்தால், நடுவில் யாராவது வந்து நிறுத்திவிடலாம். பார்க்க வந்தவர் குற்றவாளி ஆகமாட்டார், ஆனால் அவர் பணத்துக்கு ஆபத்து. ஃபிஃபாவும் பொதுத் திரையிடலுக்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது. நுழைவுக் கட்டணமோ விளம்பரதாரரோ இருந்தால் அது வணிகத் திரையிடல் என்று கணக்கிடுகிறது. ‘லைசென்ஸ் இருக்கிறது’ என்று வாயால் சொல்வது போதாது. குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான இடம் தயங்காது.

பில் வந்ததும் கண்ணை ஓட்டுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஐந்து, பத்து சதவீதம் சேர்ந்திருந்தால் அது வரி அல்ல, நீங்கள் விரும்பினால் தரும் டிப்ஸ்தான். உணவகங்கள் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் பலரும் தவறாக நினைத்துச் சண்டை போடுகிறார்கள். கடையில் எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே மெனுவில் போட்டிருக்கும் விலைதான் கணக்கு. அதனால் மெனுவைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் டிக்கெட் வாங்கும்போது கடைசித் திரையில் புதிதாக முளைக்கும் கட்டணங்களையும் நீங்கள் கேட்காமல் சேரும் ‘காம்போ’க்களையும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் முறையற்ற வணிகம் என்கிறது. அந்தத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

வாசலில் நடக்கும் அவமானங்கள் பணத்தைவிட வலிப்பவை. வட சென்னைப் பையன்கள் சிலர் அழகாக உடுத்திக்கொண்டு நுங்கம்பாக்கத்திலோ ஆழ்வார்பேட்டையிலோ ஓர் இடத்துக்குப் போய், முகவரி கேட்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால் அது என்ன வகை வலி என்று எல்லோருக்கும் புரியாது. நிர்வாகத்துக்கு அனுமதி மறுக்கும் உரிமை உண்டு என்று பலகை மாட்டியிருப்பார்கள். அந்தப் பலகை அரசியலமைப்புக்கு மேலானதல்ல. கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள் என்று பெயர் சொல்லியே பிரிவு 15(2), மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையின் பேரில் அனுமதி மறுப்பது 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வரும். அந்த வாசல் எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறது என்று தெரியாவிட்டாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

வேட்டிக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டியோடு வந்ததற்காகக் கிளப் ஒன்றில் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரை உடைக்காக மட்டும் தடுத்தால் கிளப்பின் உரிமம் போகலாம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஜெர்சிக்கும் ஷார்ட்ஸுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அங்கே கிளப்பின் உடை விதிதான்.

மது பற்றிச் சுருக்கமாக: தமிழகத்தில் குடிக்கும் வயது 21. கல்லூரி முதலாண்டுப் பையன்களைக் கூட்டமாக உள்ளே விடும் இடம் மற்ற விதிகளையும் அப்படித்தான் மதிக்கும்.

சென்னையின் கால்பந்து ஹோட்டல் பார்களில் பிறந்ததில்லை. வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம், பெரம்பூர் பக்கம் உலகக் கோப்பை என்றால் தெருவே மைதானம். வெள்ளைத் துணியோ எல்.இ.டி. திரையோ கட்டி, வட்டச் செயலாளர் முதல் இட்லிக்கடை அக்கா வரை காசு போட்டு, தெரு முழுக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த அனுபவத்துக்கு ஈடு எதுவும் இல்லை. கட்டணம் வாங்காததால் பதிப்புரிமைச் சிக்கலும் இங்கே குறைவு. சட்டம் இடிப்பது ஒலிபெருக்கியில்தான்.

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி வரம்பு 45 டெசிபல். பண்பாட்டு, மத விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்த்தலாம். நம் ஆட்டமோ 12.30-க்குத் தொடங்குகிறது. ஆக, தெருவில் ஸ்பீக்கர் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் 112-க்கு ஒரு போன் போட்டாலே போதும், திரை இறங்கிவிடும். அவர்மேல் கோபப்படவும் நியாயமில்லை. பச்சைக் குழந்தையோ, டயாலிசிஸ் முடித்து வந்த அப்பாவோ, அதிகாலை மீன் ஏலத்துக்குப் போக வேண்டிய அம்மாவோ அந்த வீட்டில் இருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாமல் டிவியின் சொந்தச் சத்தத்தில் வையுங்கள். கூச்சல் கூடாது என்று யாராலும் முழுக்கச் சொல்ல முடியாது, ஆனால் மேளமும் வெடியும் விடிந்த பிறகு.

தெருத் திரையிடலில் உயிருக்கு ஆபத்து மின்சாரத்தில் இருக்கிறது. மின்கம்பத்தில் கொக்கி போட்டு இழுப்பது மின்சாரச் சட்டம் 2003-ன் 135-வது பிரிவில் திருட்டு. அதைவிட முக்கியம், அந்த வயரில் கசிவு ஏற்பட்டால் துண்டிக்க எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஜூன், ஜூலையில் சென்னையில் இரவு நேர இடிமழை சாதாரணம். இரும்புக் கம்பியில் கட்டிய திரை, தரையில் கிடக்கும் ஒட்டுப்போட்ட வயர், வெறுங்காலோடு சிறுவர்கள். மழை வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், அல்லது கசிவு வந்தால் தானாக நின்றுவிடும் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டிலிருந்து எடுங்கள். முதல் தூறலிலேயே மின்சாரத்தை நிறுத்தும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள், அவர் ஆட்டம் பார்க்காதவராக இருந்தால் நல்லது. கட்சிக் கொடிபோல் அணிக் கொடிகளையும் கட்அவுட்களையும் மின்கம்பிக்கு அருகே ஏற்ற வேண்டாம்.

மூங்கிலும் சவுக்கும் கட்டிய படிக்கட்டு கேலரிகளை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் பூங்கோட்டில் உள்ளூர் செவன்ஸ் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தற்காலிக கேலரி சரிந்து, ஏராளமானோர் காயமடைந்தார்கள். கோல் விழும்போது எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து குதிக்கிறார்கள். அந்த அதிர்வைத் தாங்கும்படி அவை கட்டப்படுவதில்லை. தரையில் பாய் விரித்தாலே போதுமானது.

கடற்கரையில் பெரிய திரை என்ற ஆசை நியாயமானது. 2023 நவம்பர் 19 அன்று கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் மெரினாவில் பெரிய திரையில் காட்டப்பட்டது. அது பகலில் தொடங்கிய ஆட்டம். கால்பந்துக்கும் அரசு அப்படிச் செய்தால் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 2024 அக்டோபர் 6-ஐ மறக்கக் கூடாது. அன்று அதே மெரினாவில் விமானப்படைச் சாகச நிகழ்ச்சி பார்க்க லட்சக்கணக்கானோர் கூடினார்கள். வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியபோது பறக்கும் ரயில் நிலையங்கள் திணறின. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்து வாசலில் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் நெரிசலில் மாண்டார்கள். நுழைவு, வெளியேற்ற ஏற்பாடுகள் தவறும்போது கூட்டம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது.

எந்த இடத்துக்குப் போனாலும் உட்காரும் முன் வெளியேறும் வழிகள் எத்தனை, அவை பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடித்தளத்தில் ஒரே படிக்கட்டு உள்ள பார் என்றால் டிக்கெட் வீணானாலும் திரும்பிவிடுங்கள். நெரிசலில் சிக்கினால் கைகளை நெஞ்சுக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் போகும் திசையில் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனியாதீர்கள். வெற்றிக் களிப்பில் இருட்டில் கடலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். மெரினா அலை நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும்.

ஆட்டம் முடிவது பின்னிரவு இரண்டரை மணி வாக்கில், கூடுதல் நேரம் என்றால் மூன்றரை. மெட்ரோ காலை 5 மணிக்குத்தான். குடித்திருந்தால் வண்டியைத் தொடாதீர்கள்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆட்டோவுக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணத்தின்படி இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் பேரம் பேச இடமிருக்கிறது, அந்த நேரத்தில் வேலை செய்யும் அண்ணனின் நிலையையும் நினைத்துப் பேசுங்கள்.

பெண்கள் இந்தக் கூட்டங்களுக்கு வருவது கூடிக்கொண்டிருக்கிறது, கூட வேண்டும். தொல்லை கொடுத்தால் ‘ஆட்டத்துக்கு வந்தால் அப்படித்தான்’ என்ற பதிலை ஏற்கத் தேவையில்லை. தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் 1998, சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் உயிரிழந்த பிறகு வந்தது. 112, பெண்களுக்கான 181, காவல் உதவி செயலி மூன்றும் நள்ளிரவிலும் இயங்கும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பெண் தன்னார்வலர் இருவரையாவது வாசலில் நிறுத்துங்கள்; கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

பந்தயம் கட்டச் சொல்லும் செயலிகளும் இந்த மாதத்தில்தான் வலை விரிக்கின்றன. தமிழகச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். 2025-ல் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும் தண்டிக்கிறது. நண்பர்களுக்குள் கட்டும் பந்தயத்தில் ஜெயித்தாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி அந்தப் பணத்தை வழக்குப் போட்டு வாங்க முடியாது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 தமிழிலும் பேசும், ஆனால் காலை 8 முதல் இரவு 8 வரைதான். நள்ளிரவில் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஆதாரம். விளம்பரம், பில், பணம் போன யுபிஐ எண், இருட்டான திரையின் வீடியோ எல்லாவற்றையும் அங்கேயே சேமியுங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். மறுநாள் நிர்வாகத்துக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 1,500 ரூபாய் டிக்கெட்டுக்கு யார் அலைவது என்று தோன்றும். பத்து நண்பர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கேட்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

கடைசியாக, இந்த நகரத்திடம் நாம் கேட்க வேண்டிய ஒன்று. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற அதே விதி, மூடிய அரங்குகளுக்குள் கேட்கும் சத்தத்துக்கு விலக்கு தருகிறது. சமுதாயக் கூடம் என்று பெயர் சொல்லியே தருகிறது. மாநகராட்சியின் சமூக நலக்கூடங்கள் பல கல்யாண நாள் தவிரப் பூட்டியே கிடக்கின்றன. கூரை உண்டு, முறையான மின் இணைப்பு உண்டு, கழிவறை உண்டு. கால் இறுதி முதல் இறுதி வரையாவது இவற்றை இலவசமாகத் திறந்துவிட்டால், காசிமேட்டுப் பையன் நுங்கம்பாக்கத்து வாசலில் நிற்க வேண்டியதில்லை, அவன் பாட்டியும் சேர்ந்து பார்க்கலாம். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலருக்கும் இப்போதே விண்ணப்பம் எழுதுங்கள். ஆட்டத் தேதிகள், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, பொறுப்பேற்கும் மூன்று பெரியவர்களின் பெயர், கட்டணம் கிடையாது என்ற உறுதி ஆகியவை அதில் இருக்கட்டும். நகலைக் காவல் நிலையத்தில் குறைந்தது ஐந்து நாள் முன்பாகக் கொடுங்கள். எல்லா நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாக மறுத்தால், என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது, அந்தத் தேதிகளில் கூடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். போட்டி தொடங்கும் நாளில் போட்டாலும் இறுதி ஆட்டத்துக்கு முன் அது கைக்கு வந்தாக வேண்டும்.